சார்ஜன்ட் பெற்ற பெண்பிள்ளை

அத்தியாயம் ஒன்று

“ஒரு ஆம்பிளை பிள்ளை பெத்திட்டான்” என்றார் குலசேகரம், கதவைத் திறந்தபடியே.

அனஸ்ரேசியா மேசைக்குக் கீழே குனிந்து, சூடு தராத ஹீற்றரின் திருகைத் திருகிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“என்ன பிள்ளை?”

“பெண் பிள்ளை.”

“தாயும் பிள்ளையும் சுகமோ?”

“அதுதான் வில்லங்கம், அனா. தாய் ஆர் எண்டதுதான் கேஸ்.”

அனஸ்ரேசியா எழுந்து முழங்கால் தூசியைத் தட்டினாள். துப்பறியும் தொழிலுக்கு வருமுன் ஒஸ்லோவின் நிலக்கீழ் ரயிலில் சாதாரண உடுப்போடு திரிந்த ரிக்கற் பரிசோதகர் அவள். ஒருவர் வாய் திறப்பதற்கு முன்பே, அவருடைய சப்பாத்து எந்தக் கதவுப் பக்கம் திரும்புகிறது என்பதை வைத்து ரிக்கற் இல்லாதவரைப் பிடித்துவிடுவாள். இப்போது மீன்கடைக்கு மேலே ஓர் அறை எடுத்திருந்தாள். குளிர்காலத்தில் மட்டும் அந்த அறையில் வாசனை குறைவு.

அவளுடைய உதவியாளர் குலசேகரம் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தொழில் டாக்சி. சம்பளம் கிடையாது, வழக்குக்காக ஓடும்போது மீற்றர் ஓடும். பகிடி விடும்போது அவர் முகத்தில் ஒரு தசையும் அசையாது. சிரிப்பது மற்றவர்களின் பொறுப்பு.

அவருக்குப் பின்னால் ஓர் இளம்பெண் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மெல்ல மெல்லப் படியேறி வந்தாள். நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு பார்த்துப் பார்த்து உட்கார்ந்தாள்.

“பிள்ளையைப் பெத்தது நீங்கள்தானே” என்றாள் அனஸ்ரேசியா.

அந்தப் பெண்ணின் கண்கள் கலங்கின. “அன்ரி, இந்த மாசத்திலை அதைச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.”

அவள் பெயர் ராகவி. ஒஸ்லோவின் புறநகரான எல்லிங்ஸ்ருட்டில் வளர்ந்தவள். கணவன் வின்சென்ட் அமெரிக்க ராணுவத்தில் சார்ஜன்ட். அவனுடைய குடும்பம் தூத்துக்குடியிலிருந்து நியூ ஜெர்சிக்குப் போனது. திருமணத்துக்குப் பிறகு இருவரும் ஜெர்மனியில் ஒரு ராணுவ முகாமில் குடியிருந்தார்கள். நோர்வேயை விட்டுப் போய்விட்டபடியால் இங்குள்ள ஆஸ்பத்திரியில் ராகவிக்கு இனி இலவசம் இல்லை. வீரனின் குடும்பத்துக்கான ராணுவக் காப்புறுதிதான் செலவைக் கட்டும். முதல் பிரசவத்தைத் தாய் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒஸ்லோ வந்தாள். சிசேரியன். பெண் குழந்தை. இதுவரை எல்லாம் ஒழுங்கு.

“பிறகு இன்சூரன்ஸ் கந்தோரிலை இருந்து அவருக்கு ஒரு வாழ்த்து வந்தது” என்றாள் ராகவி. “சிசேரியன் நல்லபடியா முடிஞ்சதுக்கு.”

“அவருக்கோ?”

“ஓம். ஆஸ்பத்திரி அனுப்பின பில்லிலை நோயாளி எண்ட இடத்திலை அவரின்ரை பேர். கம்ப்யூட்டர் அதை அப்பிடியே விழுங்கியிட்டுது. அடுத்த நாளே அவரின்ரை முகாமுக்குச் செய்தி போயிட்டுது. சார்ஜன்ட்டுக்கு வயித்திலை ஒப்பரேஷன், ஆறு கிழமை ஓய்வு, சண்டைக்குப் போற ஆக்களிலை இருந்து எடுக்கவும் எண்டு.”

“அவர் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“சொன்னவர். முகாமிலை இருக்கிற கிளினிக்குக்குக் கூப்பிட்டு, பிள்ளை பெத்த பெண்களுக்கு நடுவிலை இருத்தியிருக்கினம். தான் ஆம்பிளை, தான் பெறேல்லை எண்டு நேர்ஸிட்டைச் சொல்லியிருக்கிறார். பெத்த கையோடை சிலருக்கு அப்பிடி ஒரு மறுப்பு வாறது வழமை, பயப்பிட வேண்டாம் எண்டு அவ ஒரு குஷன் குடுத்தவவாம்.”

“குஷனை என்ன செய்தவர்?” என்று குலசேகரம் அக்கறையாகக் கேட்டார்.

“அதிலை இருந்தவர். ஆமி சொன்னால் செய்வார். இப்ப ஓய்வு எடுக்கச் சொல்லி எங்கடை அம்மா வீட்டுக்கு அனுப்பியிருக்கினம். கட்டிலிலை படுத்திருக்கிறார்.”

ராகவி தன் கைப்பையிலிருந்து, அதே காப்புறுதி அலுவலகம் அனுப்பிய வேறொரு கடிதத்தை எடுத்தாள். இது சிரிப்புக் கடிதம் அல்ல. பிரசவம் நடந்த அதே நாளில் சார்ஜன்ட் வின்சென்ட் ஜெர்மனியில் உடற்தகுதி ஓட்டத்தில் முதலாவதாக வந்திருக்கிறார். வயிற்றில் சத்திர சிகிச்சை நடந்த நாளில் இது எப்படி முடிந்தது என்று திங்கட்கிழமைக்குள் விளக்க வேண்டும். தவறினால் மோசடி என்று கருதப்படும்.

குலசேகரம் கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். “கவனிச்சீரோ, அனா. ஆம்பிளை பெத்ததிலை இவைக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஓடினதிலைதான் சந்தேகம்.”

“நீங்களே ஆஸ்பத்திரிக்குப் போன் அடிச்சுக் கேக்கேல்லையோ?” என்றாள் அனஸ்ரேசியா ராகவியிடம்.

“கேட்டனான். பில் போடுற இடத்திலை, நோயாளியைப் பற்றி வெளியாருக்குச் சொல்ல ஏலாதாம். நான் வெளியாள். ஆமியிலை பிள்ளையை எங்கடை குடும்பத்திலை பதியக் கேட்டால், பெத்த தாயின்ரை சம்மதம் வேணுமாம். அவர் சம்மதக் கையெழுத்து வைச்சுத் தந்தால் நான் சிறிய தாயாகலாம்.”

அனஸ்ரேசியா கடிதத்தை வாங்கித் திகதியைப் பார்த்தாள்.

“திங்கட்கிழமைதான் அவரின்ரை ஆக்கள் ஈராக்குக்குப் போகினம்” என்றாள் ராகவி. “பிழை திருந்தினால் அவரும் போகவேணும். திருந்தாட்டில் மோசடிக்காரன். ஜெயில்கூட வரலாம்.”

“அவர் போறது உங்களுக்கு விருப்பமோ?”

“இல்லை.” அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ஒரு நாளும் இல்லை. ஆனால் பெத்தது நான், அன்ரி. வயிறு வெட்டினது எனக்கு. அதை ஆர் என்னட்டையிருந்து எடுத்தது எண்டு எனக்குத் தெரியவேணும்.”

அனஸ்ரேசியா மேலங்கியை எடுத்தாள். “நோயாளியிட்டை ஒரு கையெழுத்து வாங்கித் தாங்கோ. உங்கடை மனுசனிட்டை. அவரின்ரை பிரசவத்தைப் பற்றி விசாரிக்க எனக்கு அனுமதி எண்டு.”

*

நோர்வேயில் ஆஸ்பத்திரிகள் பிரசவத்துக்குப் பில் போடுவதில்லை. அதனால் வெளிநாட்டவர்களுக்குப் பில் போடும் ஒரே மேசையை நிலவறையில், துணி துவைக்கும் பகுதிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அங்கே மாரித் என்ற பெண் ஒரு கள்ளிச் செடியோடு உட்கார்ந்திருந்தாள். பார்வையாளர்கள் வந்ததில் அவளுக்கு அத்தனை சந்தோஷம். கோப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

வின்சென்ட் கையெழுத்திட்ட அனுமதியைப் படித்ததும் அவள் முகம் கனிந்தது. “சார்ஜன்ட் எப்படி இருக்கிறார்? தையல் ஆறிவிட்டதா?”

“தையல் போட்ட அடையாளமே இல்லை” என்றார் குலசேகரம் நோர்வேஜிய மொழியில்.

“அவர் பெண் அல்ல என்பது உங்களுக்குத் தெரியுமா?” என்று அனஸ்ரேசியா கேட்டாள்.

மாரித் கோப்பையைக் கீழே வைத்தாள். “பில் எழுதும்போது எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஆனால் நம் ராணுவத்தில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள். பெயரை வைத்து ஆளை முடிவு செய்யக்கூடாது என்று போன வருஷம் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சிகூட வைத்தார்கள். அமெரிக்க ராணுவத்துக்கு நான் பில் போட்டதும் இல்லை. அதனால் அவர்கள் தந்த வீட்டு எண்ணுக்குப் போன் செய்து கேட்டேன்.”

“எல்லிங்ஸ்ருட் வீட்டுக்கு?”

“ஆமாம். ஒரு பெண் எடுத்தார். நல்ல ஆங்கிலம். நோயாளியின் இடத்திலும் வீரரின் இடத்திலும் ஒரே பெயரைப் போடச் சொன்னார். ஆணா பெண்ணா என்ற கட்டத்தை வெறுமையாக விடச் சொன்னார். அதை நிரப்பினால்தான் அவர்களுடைய கம்ப்யூட்டர் குழம்புமாம். எவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தந்தார் தெரியுமா? எனக்கு இங்கே யாரும் எதையும் சொல்லித் தருவதில்லை.”

“அந்த அம்மாவின் பெயர்?”

“கேட்கவில்லை. ஆனால் மிகவும் ஆன்மீகமான பெண். நடுநடுவே ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டார். நானும் யோகா வகுப்புக்குப் போகிறேன். அந்தச் சொல்லை ஒருவர் சொல்லும்போது குறுக்கே பேசக்கூடாது என்று எங்கள் ஆசிரியை சொல்லியிருக்கிறார். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.”

குலசேகரம் டாக்சியின் கதவைத் திறந்தார். ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சொன்னார்: “கலியாணம் கட்டின நாள் துடக்கம் என்ரை மனுசி என்னைப் பாத்து ஒருக்காலும் ஓம் எண்டு சொன்னதில்லை. ஆன்மீகம் காணாது போலை.”

“வீட்டிலை அண்டைக்கு ஆர் இருந்தது, குலமண்ணை?”

“ராகவி வார்ட்டிலை. தகப்பன் இரத்தினவேல் வேலையிலை. மிச்சம் இரண்டு சம்மந்திமார். ஒண்டு ராகவியின்ரை தாய் யோகராணி. ஊரிலை இங்கிலீஷ் ரீச்சர், இஞ்சை சிறுவர் பள்ளியிலை வேலை. மற்றது பெடியன்ரை தாய் ஜெசிந்தா அம்மா. பேரப்பிள்ளையைப் பாக்க நியூ ஜெர்சியிலை இருந்து வந்து நிக்கிறா. அங்கை ஏதோ ஆஸ்பத்திரியிலை வேலை செய்து ரிரயர் பண்ணினவவாம். நேர்ஸாக்கும்.”

“ஜெசிந்தா அம்மா தூத்துக்குடி.”

“ஓம்.”

“தூத்துக்குடி ஆக்கள் ஓம் எண்டு சொல்லாயினம். ஆமா எண்டுதான் சொல்லுவினம்.”

குலசேகரம் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். “அப்ப யோகராணி. மருமேனைச் சண்டைக்கு விடாமல் மறிக்க மாமியார் போட்ட பிளான். வழக்கமா மாமிமார் மருமேனை வீட்டை விட்டு அனுப்பத்தான் பாப்பினம்.”

அனஸ்ரேசியா ஜன்னலுக்கு வெளியே, தெருவோரம் கறுத்துக் கிடந்த மார்ச் மாதத்துப் பனியைப் பார்த்தாள். இவ்வளவு சுலபமாக ஒரு வழக்கு முடிந்தால் அவளுக்கு எப்போதும் நம்பிக்கை வராது.

*

எல்லிங்ஸ்ருட் வீட்டில் இரண்டு சம்பந்திகளும் சோபாவின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ராகவி. வின்சென்ட் உள்ளறையில், உத்தரவுப்படி, படுத்திருந்தான். குழந்தையின் தொட்டில் அடுத்த அறையில் இருந்தது.

“டீ சாப்பிடுறீங்களா?” என்றாள் ஜெசிந்தா. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள்.

“தேத்தண்ணி நான் ஏற்கெனவே வைச்சிட்டன்” என்றாள் யோகராணி.

“ஆமாங்க, வச்சிட்டாங்க. அவங்க எப்பவுமே முந்திக்குவாங்க.”

குலசேகரம் எந்தக் கோப்பையை எடுப்பது என்று தெரியாமல் இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

அனஸ்ரேசியா சுற்றி வளைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பைப் பற்றிச் சொன்னாள். நல்ல ஆங்கிலம் பேசிய பெண்ணைப் பற்றிச் சொன்னாள். கடைசியாக, அந்தப் பெண் ஓம், ஓம் என்று சொன்னதைச் சொன்னாள்.

எல்லோருடைய முகமும் ஒன்றாக யோகராணி பக்கம் திரும்பியது.

“என்னை ஏன் பாக்கிறியள்?”

“அக்கா” என்றாள் அனஸ்ரேசியா, “அண்டைக்கு இந்த வீட்டிலை நிண்ட ஆக்களிலை இங்கிலீஷும் கதைச்சு ஓம் எண்டும் சொல்லுற ஆள் நீங்கள்தான். மருமேனிலை உள்ள அக்கறையிலை செய்திருந்தால் சொல்லுங்கோ. ஒருத்தரும் உங்களைக் குறை சொல்லமாட்டினம்.”

“அம்மா?” என்றாள் ராகவி.

யோகராணி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். “என்ரை வீட்டிலை, என்ரை தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு என்னைக் கேக்கிறியளோ? என்ரை மகள் பட்ட பாட்டை அங்கை நிண்டு பாத்தவள் நான். அவளின்ரை பேரை அழிச்சு ஒரு ஆம்பிளையின்ரை பேரை நான் போடுவனோ?”

அவளுடைய பாதங்கள் இரண்டும் அனஸ்ரேசியாவை நேராகப் பார்த்தபடி தரையில் ஊன்றி நின்றன. கதவுப் பக்கம் திரும்பவில்லை. ரிக்கற் வைத்திருப்பவரின் கால்கள் அவை.

ஜெசிந்தா சம்பந்தியின் தோளில் பரிவோடு கையை வைத்தாள். “விடுங்க சம்பந்தி. நல்ல மனசோடதான செஞ்சிருக்கீங்க.”

அந்தக் கையை யோகராணி எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

அப்போது தொட்டிலில் குழந்தை அழுதது. ராகவி எழுவதற்குள் ஜெசிந்தா ஓடிவிட்டாள். அடுத்த அறையிலிருந்து அவள் குரல் கேட்டது.

“ஓம் ஓம், என்ரை குஞ்சு. வாறன் வாறன். ஓமடா செல்லம், பசிக்குதோ? ஓம், ஓம்.”

குலசேகரம் இரண்டு கோப்பைகளையும் மேசையில் வைத்தார்.

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு திரும்பி வந்த ஜெசிந்தா, நான்கு பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு நின்றாள். “என்னாச்சு?”

“சம்மந்தி” என்றாள் யோகராணி மெதுவாக. “இது எப்ப துடக்கம்?”

“எது?”

“ஓம்.”

“நான் எங்க ஓம்னு சொன்னேன்?”

“இப்ப சொன்னீங்கள். குஞ்சு எண்டும் சொன்னீங்கள். வாறன் எண்டும் சொன்னீங்கள்.”

ஜெசிந்தாவின் முகத்தில் முதலில் வந்தது பயமல்ல, ஆச்சரியம். பிரசவத்துக்கு முன்பிருந்தே ஒரே சமையலறையில் நின்று, ஒரே அம்மியைப் பங்குபோட்டு, எதற்கெடுத்தாலும் சண்டை பிடித்தும் பிடிக்காமலும் இருந்ததில் அந்தச் சொல் எப்போது தன் நாக்கில் வந்து குடியேறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

யோகராணிக்கு ஏதோ நினைவு வந்தது. “அண்டைக்கு நான் சொதி வைச்சுக்கொண்டு நிண்டனான். போன் அடிச்சது. நீங்கள்தான் எடுத்தீங்கள். உப்புப் போடட்டோ எண்டு நான் குசினியிலை இருந்து கேட்டனான். ஓம் எண்டீங்கள். தேசிக்காய் பிழியட்டோ எண்டன். அதுக்கும் ஓம் எண்டீங்கள்.”

“அப்ப அந்த ஓம் சொதிக்கு” என்றார் குலசேகரம். “மாரித் கண்ணை மூடிக்கொண்டு இருந்தது சொதிக்கு.”

அனஸ்ரேசியா ராகவியிடம் திரும்பினாள். “உங்கடை மாமி ஆஸ்பத்திரியிலை என்ன வேலை செய்தவ?”

“பில் போடுற செக்‌ஷன்” என்றாள் ராகவி. சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. “இருவது வருசம். இன்சூரன்ஸுக்கு அனுப்புற பில்.”

உள்ளறைக் கதவு திறந்தது. வின்சென்ட் நின்றிருந்தான். உயரமான பையன். முடியை ஒட்ட வெட்டியிருந்தான். போர்வையின் மடிப்பு கன்னத்தில் கோடாகப் பதிந்திருந்தது.

“அம்மா” என்றான். “நீங்களா?”

ஜெசிந்தா குழந்தையை ராகவியிடம் கொடுத்தாள். கொடுத்த பிறகு வெறும் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“அந்தப் பொண்ணு போன்ல கேட்டா. யார் பேர் போடணும்னு. அவளுக்கு ஒண்ணும் தெரியல. நான் வாயத் திறந்தப்போ சரியாத்தான் சொல்லணும்னு நெனச்சேன். ஆனா எனக்குத் தெரியும்டா. ரெண்டு எடத்துலயும் உம் பேரப் போட்டா, ஆணா பொண்ணான்னு போடாம விட்டா, அந்த கம்ப்யூட்டர் உன்னப் படுக்க வச்சுரும்னு எனக்குத் தெரியும். இருவது வருஷம் அந்தத் தப்பு வராம பாத்துக்கிட்டவ நான்.”

“என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?”

“போகாதடான்னு போன வருஷமே கேட்டேன். அழுதுகிட்டே கேட்டேன். நீ கேக்கல. எம் பேச்ச நீ கேக்க மாட்ட. கம்ப்யூட்டர் பேச்சக் கேப்ப.”

வின்சென்ட் சுவரில் சாய்ந்துகொண்டான். கோபம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

“என் ஆளுங்க எட்டு பேரு போறாங்கம்மா. அவங்களுக்கும் அம்மா இருக்காங்க. நான் இங்க குஷன் மேல உக்காந்துட்டு, என் சீட்ல வேற ஒருத்தன் போய் அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

ஜெசிந்தா கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டாள். அவள் ராகவியைப் பார்த்தாள்.

“மாமி” என்றாள் ராகவி. “அவர் போகக்கூடாது எண்டு நானும் ஒவ்வொரு நாளும் நேந்து கும்பிடுறன். ஆனால் நீங்கள் என்ரை பேரை எடுத்திட்டீங்கள். என்ரை பிள்ளைக்கு நான் சிறிய தாயாம்.”

“அது எனக்குத் தோணவே இல்லம்மா” என்றாள் ஜெசிந்தா. “அவன் மட்டுந்தான் கண்ணுக்குத் தெரிஞ்சான். மன்னிச்சுரு.”

வின்சென்ட் தொலைபேசியை எடுத்துத் தன் முகாமின் அதிகாரியை அழைத்தான். எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டான். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னான். தான் பிள்ளை பெறவில்லை, பெற்றது தன் மனைவி, தான் நலமாக இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடுகிறேன் என்றான்.

அதிகாரியின் குரல் இரக்கத்தோடு வந்தது. “சார்ஜன்ட், நீங்கள் இவ்வளவு நேரம் பேசவே கூடாது. தையல் பிரிந்துவிடும்.”

“சார், தையலே இல்லை.”

“நான் நம்புகிறேன். ஆனால் நான் நம்புவது போதாது. குழந்தையின் தாய் யார் என்று ஆஸ்பத்திரி தந்த மூலப் பத்திரம் எங்கள் கைக்கு வரவேண்டும். ஃபேக்ஸ் செல்லாது. தபாலில் அனுப்புங்கள். அது வந்த நிமிடம் நீங்கள் தாய் அல்ல. மோசடி என்ற பேச்சும் அதோடு முடியும். இன்றைக்கு விளக்கம் தந்துவிட்டீர்கள் என்று காப்புறுதி அலுவலகத்துக்கு நான் எழுதிவிடுகிறேன்.”

“திங்கட்கிழமை என் சீட்டில் யார் போகிறார்கள், சார்?”

“யாரும் இல்லை. உங்களை எடுத்துவிட்டார்கள், உங்கள் பெயரை விமானத்திலிருந்து எடுக்கவில்லை. பெயர் இருக்கும்வரை அதில் இன்னொருவரை உட்காரவைக்க எனக்கு அதிகாரம் இல்லை.”

“அப்படியென்றால்?”

“வெறுமையாகப் போகும். அந்த இருக்கைக்கும் சாப்பாடு ஏற்றியாகிவிட்டது.”

வின்சென்ட் தொலைபேசியை வைத்தான். பிறகு மேசை முன்னால் உட்கார்ந்து விளக்கக் கடிதம் எழுதத் தொடங்கினான். பாதியில் பேனா நின்றது.

“அம்மா வேணும்னு செஞ்சதை எப்படி எழுதுறது? பொய் எழுத மாட்டேன்.”

“பொய் எழுத வேண்டாம்” என்றாள் அனஸ்ரேசியா. “போன் எடுத்தவ ஒரே நேரத்திலை ஆஸ்பத்திரிக்கும் குசினிக்கும் மறுமொழி சொன்னவ. அதாலை குழப்பம் வந்தது. இதிலை ஏதும் நடக்காததோ?”

யோகராணி உடனே சொன்னாள்: “நடந்ததுதான். நான் சாட்சி. சொதிக்கு உப்பும் கூடிப் போச்சு.”

அவள் சம்பந்தியைப் பார்க்காமலேதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு எழுந்து போய், ஆறிப்போன தேநீரைக் கொட்டிவிட்டு, ஜெசிந்தாவுக்கு வேறு ஊற்றிக்கொண்டு வந்தாள்.

பிரசவ வார்ட்டில் தந்த பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயர் ராகவி என்று தெளிவாக இருந்தது. அதை அனுப்பும்படி இதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. அதையும் கடிதத்தையும் உறையில் போட்டு, நாக்கால் தடவி ஒட்டி, வின்சென்ட் அனஸ்ரேசியாவிடம் நீட்டினான்.

“இன்னைக்கே போஸ்ட் பண்ணிடுங்க மேடம்.”

“இண்டைக்கே போடுறன்” என்றாள் அவள்.

ராகவி மின்தூக்கி வரைக்கும் வந்தாள். குழந்தை தோளில் தூங்கிவிட்டது. அவள் கதவு மூடும்வரை உறையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

எல்லிங்ஸ்ருட்டில் தபால் வேலை பலசரக்குக் கடைக்குள் ஒரு முடுக்கில் நடந்தது. வெள்ளிக்கிழமைப் பின்னேரம். பால் வாங்க நிற்பவர்களுக்கும் பீர் வாங்க நிற்பவர்களுக்கும் பக்கத்தில் அனஸ்ரேசியா வரிசையில் நின்றாள். குலசேகரம் ஒரு முள்ளங்கிக் கட்டோடு அவளுக்குப் பின்னால் நின்றார்.

வேலைக்கு நின்ற பெண் உறையைத் தராசில் வைத்தாள். “ஜெர்மனிக்கு. ஏ தபாலா, பி தபாலா?”

அனஸ்ரேசியாவுக்கு வித்தியாசம் தெரியும். ஒஸ்லோவில் எல்லோருக்கும் தெரியும். ஏ என்றால் விமானத்தில் போகும், திங்கட்கிழமை காலையில் அதிகாரியின் மேசையில் இருக்கும். பி என்றால் மலிவு. அது எப்போது எந்த லாரியில் ஏறும் என்று தபால்காரருக்கே தெரியாது.

அவள் தன் வாழ்நாளில் யாருக்கும் ரிக்கற் விஷயத்தில் இரக்கம் காட்டியதில்லை. கர்ப்பிணிக்குக் காட்டியதில்லை, பாதிரியாருக்குக் காட்டியதில்லை. ஒரு முறை சொந்தத் தமக்கைக்கே தண்டம் எழுதியவள். பின்னால் நின்ற குலசேகரம் முள்ளங்கியின் இலைகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டார். அவரிடமிருந்து ஒரு பகிடியும் வரவில்லை.

இன்றைக்கே போடச் சொன்னான். இன்றைக்கே போடுகிறேன் என்று சொன்னாள். எந்தத் தபாலில் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

“பி” என்றாள் அனஸ்ரேசியா.

பெண் முத்திரையை ஒட்டி உறையைப் பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டாள்.

திங்கட்கிழமை விமானம் ஒரு வெறும் இருக்கையோடு போனது. கடிதம் அதற்கடுத்த வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தது. அன்று முதல் ராகவி தாயானாள். வின்சென்ட்டை முகாமில் கூடாரங்களுக்குக் கணக்கு வைக்கும் வேலையில் போட்டார்கள். அவனுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. தன் எட்டுப் பேருக்கும் கிழமைக்கு ஒரு பொதி அனுப்பினான். ராகவியும் குழந்தையும் அவனிடம் போனார்கள். ஜெசிந்தா நியூ ஜெர்சிக்குத் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் யோகராணியோடு மணிக்கணக்காகத் தொலைபேசியில் பேசினாள்.

இலையுதிர் காலத்தில் அடுத்த பிரிவு புறப்பட்டது. இம்முறை வின்சென்ட்டின் பெயரும் ஆளும் ஒன்றாகவே போயின. விமான நிலையத்தில் ராகவி அழவில்லை என்று பிறகு அனஸ்ரேசியாவிடம் சொன்னாள். அவளுக்கு அழ நேரம் கிடைக்கவில்லை. சீருடை போட்ட ஆட்கள் வரிசை வரிசையாக, ஒரே தொப்பி, ஒரே மூட்டையோடு நடந்து போனார்களாம். அத்தனை பேருக்கு நடுவிலும் குழந்தை ஒருவனை மட்டும் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு தாவியதாம்.